திரும்பி வர ஒரு முத்திரை

அத்தியாயம் 17

வெள்ளிக்கிழமை காலை எட்டேகாலுக்குத் தலைமையாசிரியர் அறையிலிருந்து அழைப்பு வந்தால் அதில் நல்ல சேதி இருக்காது. ஆறு வருடமாக அந்தப் பள்ளிக்கூடத்தில் குப்பை கொட்டிய லோர்னாவுக்கு இது நன்றாகவே தெரியும்.

போன வாரம் படிக்காதவர்களுக்காக நாலு வரி சொல்லிவிட்டு மேலே போகலாம். லோர்னாவின் கணவன் நெஸ்டர், அதே பள்ளிக்கூடத்து வாத்தியார், அப்பா இறந்த சேதி கேட்டு ஊருக்கு, பிலிப்பைன்ஸில் இருக்கும் இலோய்லோவுக்கு, ஓடினான். ஐந்தாம் நாள் தாய்லாந்துக்குத் திரும்பி பேங்காக்கில் வந்து இறங்கினால், அவனுடைய ஒரு வருட விசா செத்துப்போயிருந்தது. இங்கே வேலை பார்க்கிற வெளிநாட்டுக்காரன் நாட்டை விட்டுக் கிளம்புமுன், 'திரும்பி வருவேன்' என்று ஓர் அனுமதி முத்திரை வாங்கிக்கொள்ள வேண்டும். அது இல்லாமல் எல்லையைத் தாண்டினால் மாதக்கணக்கில் ஓடியாடிச் சேர்த்த தாள்களெல்லாம் வெறும் தாள்கள். நெஸ்டரிடம் அது இல்லை. சுற்றுலா வந்தவனுக்குக் குத்துவதுபோல முப்பது நாள் குத்தி உள்ளே விட்டார்கள்.

அந்த முப்பதில் பதினைந்து நாள் மிச்சம் இருக்கும்போதே, பள்ளிக்கூடம் புதிதாகத் தாள்கள் கொடுத்து, அவன் மனுப் போட்டாக வேண்டும். அதற்குக் கடைசி நாள் இன்றுதான். சிங்புரி குடிவரவு அலுவலகம் மாலை நாலரைக்குக் கதவை மூடிவிடும்.

தலைமையாசிரியர் சிரித்த முகமாக இருந்தார். வெள்ளிக்கிழமை என்பதால் எல்லோரையும் போல அவரும் கைத்தறிச் சட்டை போட்டிருந்தார். லோர்னாவை உட்காரச் சொல்லி, இந்த வருடம் ஆற்றில் விரால் மீன் வரத்து எப்படி என்று பேசினார். அவளுடைய தாய்லாந்து மொழி உச்சரிப்பைப் பாராட்டினார். பிறகு ஏதோ கூட்டம் என்று எழுந்து போய்விட்டார். நெஸ்டர் என்ற பெயரே அவர் வாயில் வரவில்லை.

மிச்சத்தைச் சொல்ல நோங்யாவ் அக்கா இருந்தார். ஆங்கிலப் பிரிவுக்குப் பொறுப்பு அவர்தான். அவர் காலடியில் ஒரு பெரிய பை நிறைய பம்ளிமாஸ். அதைப் பார்த்ததுமே லோர்னா உஷாரானாள். இந்தப் பள்ளிக்கூடத்தில் கெட்ட சேதி வெறுங்கையோடு வராது. சேதி எவ்வளவு கெட்டதோ பையும் அவ்வளவு பெரிது. போன வருடம் கானா நாட்டு அறிவியல் வாத்தியாரை அனுப்பியபோது ஒரு கூடை ரம்புத்தான் பழம் கொடுத்தார்கள்.

"எங்க வீட்டு மரத்துக் காய்ம்மா. நெஸ்டருக்குப் புடிக்கும்ல?"

"புடிக்கும்க்கா. தாள் தயாராயிடுச்சா?"

"நெஸ்டர் ரொம்ப நல்ல மனுஷன். பிள்ளைங்களுக்கு அவர்னா உசுரு."

"ஆமாக்கா. தாள்..."

"ஆனா பாரு, தன்னோட பாஸ்போர்ட்ட தானே ஒரு தடவ புரட்டிப் பாக்காத மனுஷனா இருக்காரே. தலைமையாசிரியருக்கு ரொம்ப மனசு கஷ்டம். மறுபடி முதல்லேருந்து எல்லாம் பண்றதுன்னா..." நோங்யாவ் பெருமூச்சு விட்டு, இழுப்பறையிலிருந்து ஓர் உறையை எடுத்தார். "இத அவர்கிட்ட குடுத்துடு."

லோர்னா பிரித்துப் பார்த்தாள். 'சொந்தக் காரணங்களுக்காக நானாகவே பணியிலிருந்து விலகுகிறேன்.' தட்டச்சு செய்து, தேதி போட்டு, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் ஒரு பெருக்கல் குறியும் போட்டிருந்தார்கள்.

"நீங்களே அவர்கிட்ட சொல்லலாமேக்கா."

"ஐயோ, மூஞ்சிக்கு நேரா எப்படிம்மா சொல்றது? அவர் மனசு நோகாதா? நீ பொண்டாட்டி. நீ சொன்னா பக்குவமா இருக்கும்."

இல்லை என்ற சொல்லை யார் முகத்துக்கு நேராகவும் சொல்லாத இடம் அது. இரண்டு வாரமாக, 'ஆகட்டும்', 'பாத்துக்கலாம்', 'கவலையே படாதே' என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொன்றும் இல்லை என்பதுதான். தாய்லாந்து மொழி அவ்வளவு நன்றாகப் பேசுகிற லோர்னாவுக்கு அது மட்டும் ஏனோ புரியாமல் போயிற்று.

நெஸ்டரைக் கழற்றிவிடும் காரணம் புரியாமல் இல்லை. பள்ளி வாசலில் தொங்குகிற பதாகையில் மான்செஸ்டரிலிருந்து வந்த கெலம் என்ற இளம் வெள்ளைக்கார வாத்தியாரின் முகம் ஆளுயரத்துக்குச் சிரிக்கிறது. அவன் வந்து நாலு மாதம்கூட ஆகவில்லை. படம் எடுக்கும்போது நெஸ்டரும் அவன் பக்கத்தில்தான் நின்றான். அச்சாகி வந்தபோது நெஸ்டரின் தோள்பட்டை மட்டும் மிஞ்சியிருந்தது. பெற்றோர்களுக்கு ஆங்கிலம் வெள்ளையாக இருந்தால்தான் பிடிக்கிறது.

"அவர் கவனமா இருந்திருக்கலாம்," என்றார் நோங்யாவ் மறுபடியும். "இப்படி ஒரு அஜாக்கிரதை."

அந்த இடத்தில் லோர்னா வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. உறையை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு, பம்ளிமாஸ் பையையும் தூக்கிக்கொண்டு, கைகூப்பிக் குனிந்து விடைபெற்று வெளியே வந்தாள்.

ஏனென்றால் அந்த அஜாக்கிரதை அவளுடையது.

மாமனார் இறந்த சேதி வந்த அன்று நெஸ்டர் பாதி மடித்த சட்டையைக் கையில் பிடித்தபடி தரையில் உட்கார்ந்துவிட்டான். "அந்த முத்திரை இருக்கான்னு பாரு," என்று மட்டும் கேட்டான். வீட்டில் தாள், கோப்பு, முத்திரை எல்லாம் லோர்னாவின் இலாகா. புரட்டினாள். இருந்தது. "இருக்கு, கெளம்பு," என்றாள்.

அது ஏப்ரலில் வாங்கியது. ஒரு முறை போய்வர மட்டும். ஏப்ரல் விடுமுறையில் நெஸ்டர் தனியாக ஊருக்குப் போய் வந்தபோதே அது செலவாகிவிட்டது. எதிர்ப்பக்கத்தில் வருகை முத்திரை அதற்குச் சாட்சியாகவே இருந்தது. அவள் எதிர்ப்பக்கத்தைப் பார்க்கவில்லை.

திரும்பி வந்த நெஸ்டர் கேட்டவர்களிடமெல்லாம், "நான்தான் பாக்க மறந்துட்டேன்," என்றான். மனைவி பெயரை இழுக்கவில்லை. தனியாக இருக்கும்போதுகூட ஒரு வார்த்தை குத்திக்காட்டவில்லை. திட்டியிருந்தால் பதிலுக்குத் திட்டிவிட்டு நிம்மதியாகத் தூங்கியிருப்பாள். அந்தப் பெருந்தன்மைதான் பதினைந்து நாளாக அவளை அறுத்துக்கொண்டிருந்தது.

மதியம் அவனைச் சாப்பாட்டுக் கூடத்துக்கு வெளியே பிடித்தாள். மேற்பார்வை அவன் முறை. கழுத்தில் விசில். தட்டுக் கழுவும் தொட்டி அருகே, ஒவ்வொரு கையிலும் இரண்டு பிள்ளைகள் தொங்கிக்கொண்டிருந்தார்கள். மூன்றாம் வகுப்புக் கணக்கை ஆங்கிலத்தில் சொல்லித்தருகிற ஆள். ஆறு வருடத்தில் தாய்லாந்து மொழியில் நூறு வரை எண்ணவும் காரம் வேண்டாம் என்று சொல்லவும்தான் கற்றிருந்தான். ஆனாலும் பிள்ளைகள் அவனை விடுவதில்லை.

"சாப்டியா?"

"ஆச்சு. தாள் வந்துடுச்சா?"

கைப்பையில் உறை கனத்தது. "சாப்பாட்டுக்கப்புறம் தர்றேன்னாங்க," என்றாள்.

"ம். வந்தா வரட்டும்."

"நாலரைக்கு ஆபீஸ மூடிடுவான், நெஸ். உனக்குப் பதட்டமே இல்லியா?"

"நீதான் இருக்கியே, பாத்துப்பே," என்று சிரித்துவிட்டு, தட்டை வீசிக்கொண்டிருந்த ஒருவனை நோக்கி விசிலை ஊதிக்கொண்டு போனான்.

லோர்னாவுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. இந்த மனுஷனிடம் போய் அந்த உறையை நீட்டுவதா? அவளால் கெட்டது, அவளே கொண்டுபோய்க் கொடுத்து, அவனையே கையெழுத்தும் போடச் சொல்வதா?

ஆசிரியர் அறைக்குப் போனாள். ஒரு வெள்ளைத் தாளை எடுத்தாள். என் கணவருக்கு விசாத் தாள்கள் தர இயலாத பட்சத்தில், நானும் இம்மாத இறுதியோடு விலகிக்கொள்கிறேன் என்று தன் கையாலேயே எழுதினாள்.

அவள் ஒன்றும் கிறுக்கி இல்லை. அது ஒரு பந்தயம். ஊரில் ஒரு வகுப்பில் அறுபத்திரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு தொண்டை கிழியக் கத்தியவள், இங்கே இந்த மே மாதத்திலிருந்து வெளிநாட்டு ஆசிரியர்கள் அத்தனை பேருக்கும் ஒருங்கிணைப்பாளர். அந்தப் பதவியில் உட்கார்ந்த முதல் பிலிப்பைன்ஸ்காரி. அடுத்த மாதம் மாகாணத்திலிருந்து ஆய்வுக்கு வருகிறார்கள். பாடத்திட்டம், கோப்பு, கால அட்டவணை எல்லாம் அவள் தலையில்தான் இருக்கிறது. அவளை விட்டுவிட்டு என்ன செய்வார்கள்? பதறிப்போய்த் தாளை நீட்டுவார்கள் என்று நம்பினாள்.

நோங்யாவ் கடிதத்தைப் படித்தார். கண் கலங்கிவிட்டது.

"என்னம்மா இது?"

"அவர் இல்லாம எனக்கு இந்த ஊர்ல என்னக்கா வேலை?"

நோங்யாவ் அவள் கையைப் பிடித்து அழுத்தினார். "நான் உள்ள கொண்டுபோறேன். கவலையே படாதே."

மணி இரண்டே கால். நெஸ்டரின் கோப்பை மடியில் வைத்துக்கொண்டு லோர்னா காத்திருந்தாள். எல்லா நகலிலும் அவன் கையெழுத்து, எல்லாம் வரிசையாக. தாள் மட்டும் வந்துவிட்டால் மோட்டார் சைக்கிளில் பத்து நிமிடம். மூன்று மணி ஆயிற்று. மூன்றரை ஆயிற்று. நாலு மணிக்குப் பிள்ளைகள் வரிசையில் நின்று பாட்டுப் பாடிவிட்டுக் கலைந்தார்கள். தலைமையாசிரியர் அறைக் கதவு திறக்கவில்லை. நாலரைக்கு அவள் கோப்பை மூடிவிட்டு எழுந்தாள்.

ஆசிரியர் குடியிருப்பு மைதானத்துக்குப் பின்னால். வாசலுக்கு வரும்போதே கருவாடு வறுக்கிற வாசனை. எதிர்வீட்டு ஆசிரியை சன்னலைச் சாத்தியிருந்தாள். புளிக்கவைத்த நண்டைப் பச்சையாகத் தின்கிறவளுக்கு இவர்கள் கருவாடு மட்டும் ஆகாது.

நெஸ்டர் அடுப்பருகே நின்றிருந்தான்.

"குடுக்கல," என்றாள் லோர்னா.

"சரி."

"சரியா?" அவள் உறையை மேசைமேல் வைத்தாள். "இதுல கையெழுத்துப் போடணுமாம். உன்கிட்ட நேரா சொல்ல அவங்களுக்கு மனசு வரலியாம். என் தலைல கட்டிட்டாங்க."

அவன் கையைத் துடைத்துக்கொண்டு வந்து படித்தான். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. "இங்கியா? இந்தக் குறி போட்ட எடத்துலயா?" என்று கேட்டுவிட்டுப் பேனாவைத் தேடினான்.

"இரு நெஸ். நானும் எழுதிக் குடுத்துட்டேன்."

"என்னத்த?"

"ராஜினாமா. நீ போனா நானும் போறேன்னு."

அவன் திரும்பிய வேகத்தில் பேனா கீழே விழுந்தது. "யாரக் கேட்டுக் குடுத்தே?"

அன்று முழுக்க அவன் குரல் உயர்ந்தது அப்போதுதான். லோர்னாவுக்கு அடைத்துவைத்ததெல்லாம் உடைந்தது.

"யாரக் கேக்கணும்? தப்பு என்னோடது. அது ஏப்ரல் முத்திரை. எதிர்ப்பக்கத்தப் பாக்காம இருக்குன்னு சொன்னது நான். நீ ஊருக்கெல்லாம் உன் மேல பழியப் போட்டுக்கிட்டே. அவங்க உன்ன அஜாக்கிரதைன்னு சொல்றாங்க, நான் பக்கத்துல கல்லு மாதிரி உக்காந்திருக்கேன். உன் தலைய நான் வாங்கிட்டு, நான் மட்டும் இங்க நாற்காலியத் தேச்சுக்கிட்டு இருக்கணுமா?"

அவள் அழுது முடித்ததும் அவன் போய் அடுப்பை அணைத்தான். எதிரே வந்து உட்கார்ந்தான். கருவாடு கருகிப்போயிருந்தது.

"நீ பாத்திருந்தாலும் ஒண்ணுதான்," என்றான்.

"என்ன ஒண்ணுதான்?"

"ஏர்போர்ட்ல பாஸ்போர்ட்டப் பாத்த பொண்ணு சொல்லிச்சு. 'சார், இது செலவாயிடுச்சு. அதோ அந்த மேசைல புதுசு போட்டுத் தருவாங்க, பத்து நிமிஷம்'னு. கைய நீட்டிக் காட்டக்கூடச் செஞ்சுது."

லோர்னாவுக்கு உடனே புரியவில்லை. புரிய மறுத்தாள் என்பதுதான் சரி. "பிளேனுக்கு நேரமாயிடுச்சா?"

"இல்ல. நாப்பது நிமிஷம் இருந்துச்சு."

"கூட்டமா?"

"ஒருத்தருமில்ல."

"அப்பா போன துக்கத்துல, உனக்கு என்ன சொல்றாங்கன்னு மண்டைல ஏறல. அதானே?"

அவள் ஒவ்வொரு சாக்காக எடுத்து அவன் கையில் கொடுத்துக்கொண்டிருந்தாள். ஒன்றையாவது வாங்கிக்கொள்ள மாட்டானா என்றிருந்தது. அவன் இல்லையென்று தலையை ஆட்டினான்.

"அப்படிச் சொல்லிடலாம்னு நெனச்சேன். ஆனா இல்ல. அந்த மேசைக்கு எதிர்ல ஒரு நாற்காலி இருந்துச்சு. உக்காந்தேன். நாப்பது நிமிஷமும் உக்காந்திருந்தேன். அப்புறம் எழுந்து பிளேன் ஏறிட்டேன்."

"ஏன்?"

"வீட்டுக்குப் போகணும், லோர்னா. ஒரேயடியா."

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே!"

"எத்தன தடவ சொல்றது? நீ ஒவ்வொரு வருஷமும் 'இன்னும் ஒரே வருஷம்'பே. உன்கூடப் பேசி நான் என்னிக்கு ஜெயிச்சிருக்கேன்? அந்தப் பதாகைல நான் வெறும் தோளா நின்னப்ப நீ சிரிச்சே. கெலம்கிட்டகூட காட்டிச் சிரிச்சே."

சிரித்தது உண்மைதான். அழுவதற்குப் பதிலாகச் சிரித்தாள். அதை இப்போது சொல்லி என்ன ஆகப்போகிறது?

"விசா தானா செத்துப்போச்சுன்னா யாரும் யாரையும் கேக்க வேண்டாம்," என்றான் அவன். "இங்க வந்து முப்பது நாள் தீர்ந்ததும் கெளம்பிட்டா, நடந்துடுச்சுன்னு விட்டுடலாம். நீ இங்க இருந்திருப்பே, உன் பதவி உனக்கு. நான் ஷைராகூட இருந்திருப்பேன். ஏப்ரல்லயே அவளுக்கு வாக்குக் குடுத்துட்டேன், இந்த வருஷத்துக்குள்ள வந்துடறேன்னு."

ஷைரா அவர்களுடைய மகள். பதினாறு வயது. ஊரில் நெஸ்டரின் அக்கா வீட்டில் இருந்து படிக்கிறாள்.

"அவளுக்குத் தெரியுமா?" லோர்னாவின் குரல் அவளுக்கே கேட்கவில்லை. "போன ஞாயித்துக்கிழமைகூட என்கிட்ட பேசினாளே. 'அப்பாவுக்கு விசா கெடச்சிடுமாம்மா?'ன்னு கேட்டாளே!"

நெஸ்டர் மேசையைப் பார்த்தான். "ஒண்ணும் தெரியாத மாதிரி இருக்கச் சொன்னேன்."

"அப்ப ஒண்ணும் தெரியாதவ நான் மட்டும்தான். ஏப்ரல்லேருந்து."

அவன் குனிந்து, கீழே கிடந்த பேனாவை எடுத்து மேசைமேல் வைத்தான்.

"பதினஞ்சு நாளா நான் ஒழுங்காத் தூங்கல. அது தெரியுமா?"

"தெரியும்."

"தெரிஞ்சும் பாத்துக்கிட்டு இருந்தியா?"

"நீ அன்னிக்கு 'இருக்கு, கெளம்பு'ன்னு சொன்னது எனக்கு வசதியாப் போச்சு. ஆனா உன்ன யார்கிட்டயும் காட்டிக் குடுக்கலியே."

"ஆமா," என்றாள் லோர்னா. "உன்னக் கோயில் கட்டிக் கும்புடணும்."

கைபேசியை எடுத்தாள். நோங்யாவின் எண்ணைத் தேடினாள். மணி ஐந்தரைதான். கடிதம் இன்னும் நோங்யாவ் மேசையில்தான் கிடக்கும். இந்தப் பள்ளிக்கூடத்தில் ஒரு பெட்டி சாக்பீசுக்குக் கையெழுத்து வாங்கவே இரண்டு வாரம் ஆகும். கிழித்துப் போட்டுவிடச் சொல்ல வேண்டும். இவன் போகட்டும். மகளோடு சேர்ந்து நாடகம் ஆடிய ஊருக்கே போகட்டும். அவளுடைய ஆறு வருடம் அவளுக்கு வேண்டும்.

"அக்கா, நான் மத்தியானம் ஒரு லெட்டர் குடுத்தேனே..."

"உன்னத்தான் கூப்புடலாம்னு இருந்தேன்!" நோங்யாவின் குரல் உருகியது. "நீ ஒண்ணும் கவலப்படாதே. நான் உள்ள கொண்டுபோன உடனே தலைமையாசிரியர் கையெழுத்துப் போட்டுட்டார். முத்திரையும் வெச்சாச்சு. ரெண்டரை மணிக்கே எல்லாம் முடிஞ்சுது."

"ரெண்டரைக்கா? நான் நாலரை வரைக்கும் வெளில உக்காந்திருந்தேனேக்கா."

"உன் மூஞ்சப் பாத்து எப்படிம்மா சொல்றது?"

"அடுத்த மாசம் ஆய்வு இருக்கே. அது..."

"கெலம் பாத்துக்கறேன்னான். பாவம், நல்ல பையன். நீ கெளம்பறதுக்குள்ள அவனுக்கு எல்லாம் சொல்லிக் குடுத்துடு. அப்புறம் ஒண்ணும்மா, சாயங்காலக் கூட்டத்துல தலைமையாசிரியர் உங்களப் பத்தித்தான் பேசினார். நாங்க எல்லாரும் அழுதுட்டோம்..."

நோங்யாவ் இன்னும் என்னென்னவோ சொன்னார். லோர்னா, "சரிக்கா, நன்றிக்கா," என்று சொல்லிப் போனை வைத்தாள்.

மேசைமேல் நெஸ்டரின் கடிதம் கையெழுத்து இல்லாமலே கிடந்தது. கணக்குப் பார்த்தால், அந்த நிமிடத்தில் அந்தப் பள்ளிக்கூடத்து வேலையை விட்டிருந்தவள் லோர்னா ஒருத்திதான்.

"என்ன சொன்னாங்க?" என்று கேட்டான் நெஸ்டர்.

"தலைமையாசிரியர் கூட்டத்துல பேசினாராம்," என்றாள் லோர்னா. "நம்மள மாதிரி ஒரு புருஷன் பொண்டாட்டிய அவர் பாத்ததே இல்லியாம்."